எஞ்சினுக்குக் காட்டிய சூடம்

நம் வயதில் ஜெலுத்தோங் பக்கம் வளர்ந்தவர்கள் பாதிக் கார்களைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் ஓடித் தீர்ந்த கார்களை முன்கதவுக்குப் பின்னால் குறுக்கே அறுத்து, முன்பாதியை மட்டும் கண்டெய்னரில் அடுக்கி அனுப்புவார்கள். பிறை பக்கத்துக் கிடங்குகளில் அவை மூக்கோடு மூக்கு உரசி நிற்கும். ‘ஹாஃப் கட்’ என்று பெயர். எஞ்சின், கியர்பெட்டி, ஸ்டீயரிங், முன்கண்ணாடி எல்லாம் இருக்கும். பின்னால் உட்கார்ந்து போக இடம் மட்டும் இருக்காது.

எங்கள் வீட்டுக்கு அப்படி ஒன்று வந்தது ஓர் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில். லோரிக்காரர் அதைச் சங்கிலியில் தூக்கி வாசலில் இறக்கியபோது எதிர்வரிசை வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அறுபட்ட விளிம்பில் தகரம் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருந்தது. ஒயர்கள் தொங்கின. ஓட்டுநர் இருக்கை அப்படியே இருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால், கார் தொடர வேண்டிய இடத்தில், எங்கள் கறிவேப்பிலைத் தொட்டி தெரிந்தது. நான் அதுவரை எந்தச் சவத்தையும் பார்த்ததில்லை. சவம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். 

உள்ளே காற்று வரும் துவாரத்தில் ஒரு வாசனைப் புட்டி செருகியிருந்தது. யாரோ வாங்கி வைத்த மணம் அதில் இன்னும் கொஞ்சம் மிச்சம். அப்பா ரேடியோவைப் பழைய பேட்டரியில் இணைத்துப் பார்த்தார். அந்த நாட்டு அலைவரிசைகள் வேறு. முள் கடைசிவரை போய் இரைந்துவிட்டு நின்றது. நம் தமிழ் ஒலிபரப்பு வரவே இல்லை.

இத்தனையும் அத்தையின் கல்யாணத்துக்காக.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். வந்த வரன்கள் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போயிருந்தன. எங்கள் தீவுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் இருந்த மாப்பிள்ளை மட்டும் தட்டவில்லை. துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளர். அத்தைக்கு அவரைப் பிடித்திருந்தது. மாலையில் தெருமுனைப் பொதுத் தொலைபேசிக்குப் போவாள், துணைக்கு நான். கூண்டுக்குள் அவள் பேசுவது கேட்காது. சிரிப்பது தெரியும். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இந்தக் கல்யாணத்தை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது, பத்து வயதில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே தெரிந்தது.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்று எங்கள் பழைய கார் கடற்பாலத்தின் ஏற்றத்தில் மூச்சு வாங்கி, ஆவி கக்கி, ஓரமாக நின்றுவிட்டது. அதில் எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தோம். லோரிகள் ஆரன் அடித்துக்கொண்டு கடந்தன. நல்ல நேரம் கழிந்துதான் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே கேட்டார்.

“என்னண்ணே, பாலத்த நடந்தா தாண்டினீங்க? கல்யாணத்தன்னிக்காச்சும் பொண்ணு நேரத்துக்கு வந்து சேருமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.  அடுத்த மாதமே பாதிக் கார் வாசலில் இறங்கியது.

அப்பா பிறையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பார்த்தவர். கை வேலையில் யாருக்கும் சளைக்காதவர் என்று பெயர். துணைக்கு ஒரு சீன மெக்கானிக் வருவார். சந்தைக்குப் பின்னால் சின்னப் பட்டறை வைத்திருந்தவர். அப்பா அவரைத் தவுக்கே என்பார், முதலாளி என்று பொருள். இருவரும் மலாயில் பேசிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் முன்வாசல் பட்டறையாகிவிடும். துவைக்கிற கல்லில் கிரீஸ், அம்மாவின் பழைய சேலைக் கிழிசல்களில் கரி, சோற்றில்கூடப் பாகங்கள் கழுவிய டீசல் வாடை. எங்கள் காரின் பழைய எஞ்சினை வெளியே எடுத்த அன்று அதன் முகத்தில் பெரிய குழி விழுந்திருந்தது. பாதிக் காரிலிருந்து கழற்றிய புது எஞ்சின் அந்தக் குழிக்குப் பெரிது. தாங்கு இரும்புகளை அறுத்தார்கள், பற்றவைத்தார்கள், மறுபடி அறுத்தார்கள்.

“ஏங்க, இது உள்ள போகுமா போகாதா?” என்று அம்மா கேட்டாள்.

“போகும். கொஞ்சம் பசியோட இருக்கு, அவ்வளவுதான்.”

“பசியோட இருக்கறத எதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்தீங்க?”

பசி என்று அவர் சொன்னது விளையாட்டாக அல்ல. பழைய எஞ்சின் பெட்ரோலை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். புதியதற்கு அது பெரும் அழுத்தத்தோடு வந்து பாய வேண்டும். அதற்கான மின்பம்பு ஜப்பானில் அறுத்து எறிந்த பின்பாதியோடு போய்விட்டது. அப்பா தனியாக ஒன்று வாங்கிப் பொருத்தினார். ஆனால் எஞ்சினுக்குப் பக்கத்தில், இரும்புக் குழாய் முடிகிற இடத்தில், முழ நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய் இருந்தது. அது பழைய காரோடு வந்தது. அப்பா அதைக் கிள்ளிப் பார்த்தார். தவுக்கேயும் கிள்ளிப் பார்த்தார்.

“பாக்காய் டுலு லா,” என்றார் தவுக்கே. இப்போதைக்கு இதையே போடு என்பதுதான் அதற்குப் பொருள். நான் படியில் உட்கார்ந்து நெல்லிக்காய் ஊறுகாய் தின்றுகொண்டிருந்தேன். அந்த மூன்று சொற்கள் எங்கள் வீட்டை என்ன செய்யும் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது.

வேலை முடிந்ததும் அம்மா பூசை வேண்டும் என்றாள். “எவன் ஓட்டுனதோ, யாரு உசிரு அதுல போச்சோ. பொண்ணு ஏறிப் போற காடி. சூடம் காட்டாம ரோட்டுக்கு எடுக்கக் கூடாது.” அப்பாவுக்கும் அது பிடித்தது, வேறு காரணத்துக்காக. மாப்பிள்ளையின் அம்மாவை அழைத்தார். புது எஞ்சினின் சத்தத்தை அவர் காதால் கேட்க வேண்டும்.

அவர் ஞாயிற்றுக்கிழமை காலை அக்கரையிலிருந்து ஃபெரிப் படகில் வந்தார். தலை நிறையப் பூ, கையில் ஆப்பிள் பழங்கள் நிறைந்த பை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. எஞ்சின் மூடியைத் திறந்து, உள்ளே தெரிந்த இரும்பில் மூன்று விரலால் விபூதி பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள் அம்மா. அப்பா சாவியைத் திருப்பினார். கார் மொத்தமும் ஒரு முறை குலுங்கி, பிறகு தாழ்ந்த குரலில் உறுமத் தொடங்கியது. வீட்டுச் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அப்பா இறங்கி வந்து கைகட்டி நின்றார். மாப்பிள்ளையின் அம்மா புருவத்தை உயர்த்தித் தலையாட்டினார். அப்பாவின் முகத்தில் அந்த மாதம் முழுதும் இல்லாத வெளிச்சம்.

அத்தை ஓட்டுநர் பக்கக் கதவருகே நின்றிருந்தாள்.

“அண்ணே, பெட்ரோல் வாடை வருது,” என்றாள்.

“புது இஞ்சினு. அப்படித்தான் இருக்கும்.”

“இல்லண்ணே, ரொம்ப வருது. சூடத்தக் கொஞ்சம் தள்ளி வச்சுக் காட்டச் சொல்லுங்க. பத்திக்கப் போவுது.”

அம்மா தட்டோடு திரும்பினாள். “நல்ல காரியம் நடக்கறப்ப என்ன பேச்சு இது? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு.”

“வாடை வருதுன்னுதான் அண்ணி...”

“சும்மா இருன்னு சொன்னேன்ல.”

அத்தை வாயை மூடிக்கொண்டாள். அம்மா சூடத்தை ஏற்றினாள். தட்டைச் சுழற்றியபடி எஞ்சின்மேல் குனிந்தாள்.

முதலில் கேட்டது சத்தம். நனைந்த போர்வையை இருவர் பிடித்து உதறினால் வருமே, அப்படி ஒரு சத்தம். வெயிலில் தீயின் நிறம் சரியாகத் தெரியவில்லை. எஞ்சினுக்கு மேலே காற்று நெளிவதுதான் தெரிந்தது. பிறகுதான் மஞ்சள். தட்டு பறந்து போய்த் தரையில் உருண்டது. அப்பா அம்மாவைத் தோளைப் பிடித்து இழுத்தார், இருவரும் விழுந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடும்வரை பம்பும் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். அதை நினைக்க வேண்டியவர் தரையில் கிடந்தார்.

அத்தை கார்ச் சன்னல் வழியாக இடுப்புவரை உள்ளே குனிந்து சாவியைத் திருப்பினாள். உறுமல் நின்றது. தீ ஒரு முழம் தாழ்ந்தது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா எங்கள் கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்தார், செடியோடு. இன்னொரு தொட்டி. அணைந்தது. நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கி வலித்தன.

அம்மாவின் வலது முன்கை மணிக்கட்டிலிருந்து சிவந்து தோல் சுருங்கியிருந்தது. அப்பா அவளை வெளிக்குழாயடியில் உட்கார வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக எதிர்வீட்டுக்காரர் தன் வேனை எடுக்கப் போனார். அவர் சாவியைத் தேடி எடுத்துவரும் அந்தச் சிறிய இடைவெளியில்தான் நான் சொல்ல வந்தது நடந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் அருகே போனார்.

“எப்படிம்மா உனக்கு முன்னாடியே தெரிஞ்சுச்சு?”

“வாடை வந்துச்சும்மா.”

“எங்க யாருக்கும் வரலியே.” கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். “நாக்க நீட்டு.”

அத்தைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, உங்களுக்கும் புரிந்திருக்கும். கருநாக்கு உள்ளவர் சொன்னது பலிக்கும் என்று கேட்டு வளராதவர் நம்மில் யார்? பள்ளியில் சண்டை வந்தால் ஒருவர் நாக்கை ஒருவர் பார்த்திருக்கிறோம். ஆனால் அது பிள்ளைகளின் சண்டை. இவள் சம்பளம் வாங்கும் பெண். அண்ணி உயிரை இப்போதுதான் காப்பாற்றியவள். முழங்கை வரை கரி.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா தண்ணீருக்கு அடியில் கையை வைத்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “நீட்டேன். அவங்க சந்தேகம் தீரட்டும்.”

அப்பா குழாயைத் திருகிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் காட்டுவதுபோல முகத்தைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு அத்தை நாக்கை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினார். “இந்தா, ஓரத்துல. புள்ளி மாதிரி,” என்றார். நான் கீழே, அவர்கள் இடுப்பு உயரத்தில் நின்றிருந்தேன். நாக்கு முழுவதும் எனக்குத் தெரிந்தது. சிவப்பாக இருந்தது. வேறெதுவும் இல்லை. பிற்காலத்தில் என்னைப்போல் செய்தி எழுதிப் பிழைத்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, கண்டதை மட்டும் எழுதுவது. நான் கண்டது அதுதான்.

நாங்கள் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் அவர் கிளம்பினார். ஆப்பிள் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாரா என்பது நினைவில்லை.

அந்த வாரத்திலேயே, வரன் பேசிவிட்ட மாமா வந்தார். “கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்றாங்க,” என்றார். யாரும் எவ்வளவு நாள் என்று கேட்கவில்லை. அன்று மாலை அத்தை தொலைபேசிக்குப் போனாள். எண்ணைச் சுழற்றினாள், பேசினாள், வைத்தாள், மறுபடி சுழற்றினாள். சிரிக்கவில்லை. “வீட்ல இல்லையாம்,” என்றாள். அடுத்த நாளும் வீட்டில் இல்லை. அதற்கடுத்த நாள் அவள் போகவில்லை.

வீட்டில் பேச்சு வேறு விதமாகப் போயிற்று. அம்மாவைப் பார்க்க வந்தவர்களிடம், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “பத்திக்கப் போவுதுன்னு வாய் விட்டுச் சொன்னா. சொல்லி வாய மூடல, பத்திக்கிச்சு.” வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அத்தை அவர்களுக்கே கோப்பி கலந்து கொண்டு வந்து வைத்தாள். அம்மா கெட்டவள் அல்ல. பயந்திருந்தாள். எரிந்தது அவள் கை. அந்தத் தீயைக் காட்டியதும் அவள் கை. அதை வேறு யார் மீதாவது வைக்காமல் அவளால் இரவில் தூங்க முடிந்திருக்காது என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது. அன்று எனக்கு அதிர்ச்சி மட்டும்தான் இருந்தது.

அப்பா எஞ்சினில் கிடந்த மண்ணை வழித்தெடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ரப்பர் குழாயைக் கழற்றினார். நீளவாக்கில் வெடித்திருந்தது, வெயிலில் வைத்த உளுந்து வடகம்போல. அதை வெகுநேரம் கையில் வைத்திருந்து, துடைத்து, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள் வந்து ஒரு சொல் சொல்லவில்லை. அம்மா பேசும்போதும் சொல்லவில்லை. அப்பாவை நான் கோழை என்று நினைக்கத் தொடங்கியது அன்றுதான்.

அடுத்த ஞாயிறு தவுக்கே வந்தார். அப்பா வீட்டில் இல்லை. அத்தைதான் வாசலுக்குப் போனாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு மலாயில் பேசினார்: குழாய் பழசு, அழுத்தம் தாங்கவில்லை, மாற்றியிருக்க வேண்டும், நானும் சரி என்று சொல்லிவிட்டேன், அக்காவின் கை எப்படி இருக்கிறது? அத்தை திரும்பக் கேட்டாள், குழாயா என்று. தவுக்கே அவளை வியப்போடு பார்த்தார். உன் அண்ணனுக்கு அன்றைக்கே தெரியுமே, சொல்லவில்லையா என்றார்.

அத்தை அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்தாள். குளித்து, நிச்சயத்துக்கென எடுத்த சேலையைக் கட்டினாள். “சட்டைய மாத்து. கடைக்குப் போயிட்டு வருவோம்,” என்று என்னிடம் சொன்னாள். பஸ் ஏறினோம். கடைகளைத் தாண்டிப் படகுத்துறைக்குப் போனது பஸ். அங்கிருந்து ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த் போனோம்.

மாப்பிள்ளை வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மாப்பிள்ளை சாரமும் பனியனுமாகக் கூடத்தில் உட்கார்ந்து டிவியில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு எழுந்தார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார். அவர் அம்மா எங்களை மரியாதையாகவே உட்கார வைத்தார். எனக்கு ரோஸ் சிரப் தண்ணீர் கொடுத்தார்.

அத்தை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். தடுமாறாமல் சொன்னாள்.

“அது பெட்ரோல் குழாயிம்மா. பழசு. புது இஞ்சினோட வேகத்துக்கு வெடிச்சிருச்சு. மெக்கானிக்கே வந்து சொன்னாரு. நான் சொன்னதால இல்ல. அது ஒழுகிச்சு, அதனாலதான் எனக்கு வாடை வந்துச்சு.”

“தெரியும்மா,” என்றார் அவர்.

அத்தை நிமிர்ந்தாள்.

“உங்க அண்ணன் அந்த வாரமே வந்தாரு. இதே நாக்காலியிலதான் உக்காந்தாரு. குழாயக் கொண்டாந்து என் கையிலயே குடுத்தாரு. ‘தப்பு என்னோடது, என் தங்கச்சி மேல வைக்காதீங்க’ன்னாரு. அழுதுட்டாரு மனுசன். பாவமா இருந்துச்சு.”

டிவியில் கூட்டம் கத்தியது. யாரோ கோல் போட்டிருந்தார்கள்.

“தெரிஞ்சும் ஏம்மா?”

“குழாய் வெடிச்சது குழாயோட குத்தம். நான் இல்லங்கல. ஆனா நீ சொன்ன, நடந்துச்சு. நாளைக்கு என் மவன் வேலைக்குக் கெளம்பறப்ப நீ ‘மழை வருது, பாத்துப் போங்க’ன்னு சொல்லுவ. எல்லாப் பொண்டாட்டியும் சொல்றதுதான். ஆனா அவன் திரும்பி வர்ற வரைக்கும் நான் வாசல்லயே உக்காந்திருக்கணும். என்னால முடியாதும்மா. எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தாள். “நீங்க ஒண்ணும் சொல்லலியே.”

அவர் திரையிலிருந்து முகத்தைப் பாதி திருப்பினார். “அம்மாதான் சொல்றாங்கள்ல,” என்றார். டிவியின் சத்தத்தை அவர் குறைக்கவில்லை. குறைக்கும் கருவி அவர் தொடைமேலேயே கிடந்தது.

அத்தை என் தம்ளரைப் பார்த்து, “குடிச்சிரு, போவோம்,” என்றாள்.

கார்களையும் ஏற்றிக்கொண்டு போகும் அந்தப் பெரிய ஃபெரிகள் இப்போது இல்லை. மேல்தட்டில் நீளப் பலகைகள், எந்நேரமும் உப்பும் டீசலும் கலந்த காற்று. திரும்பும்போது கூட்டம் இல்லை. அத்தை சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணன் போயிருக்காரு பாத்தியா,” என்றாள்.

“நம்மகிட்ட ஏன் சொல்லல?”

“போயும் நடக்கலேன்னு எப்படிடா சொல்லுவாரு.”

அப்பா குழாயைப் பையில் போட்டது மறைக்க அல்ல, எடுத்துப் போக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படகு பாதிக் கடல் தாண்டியிருந்தது. ஜார்ஜ்டவுன் கட்டடங்கள் பெரிதாகிக்கொண்டு வந்தன.

“ஒண்ணு கேக்கறேன், சொல்லு,” என்றாள் அத்தை. “அன்னிக்கு நான் வாயே தொறக்கலேன்னு வச்சுக்க. என்ன ஆயிருக்கும்?”

நான் யோசித்தேன். அவளைத் தேற்ற வேண்டும் என்று இருந்தது. உண்மையும் அதுவாகவே இருந்ததில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

“அப்பவும் எரிஞ்சிருக்கும் அத்தை.”

“எரிஞ்சிருக்கும்,” என்றாள். தலையை ஆட்டிக்கொண்டாள். “கல்யாணமும் நடந்திருக்கும்.”